ஊர்க் குளத்தில் பெயர் தெரியாத நீர்ப்பறவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடகிழக்குப் பருவமழை ஏரிகளையும் கண்மாய்களையும் நிரப்பியதும், வீட்டுக்கு அருகிலுள்ள குளத்தில் இதுவரை பார்த்திராத பறவை ஒன்று வந்திருப்பதாகவும் அதன் பெயர் என்னவென்றும் பலர் கேட்கத் தொடங்குகிறார்கள். தமிழ்நாட்டுக் குளங்களை மனத்தில் கொண்டு அக்கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் உள்ள குளங்களில் காணப்படுபவையும் பெரும்பாலும் இதே இனங்களே. புதிதாகத் தோன்றும் பறவைகளில் மிகப் பல, நம் ஊரில் ஆண்டு முழுவதும் வாழ்பவைதாம்; அவை வேறு இறகுக் கோலத்திலோ, இளம் பருவத்திலோ, நமக்குப் பழகாத கோணத்திலோ தென்படும்போது அயலாகத் தோன்றுகின்றன. ஆகவே தொலைதேசத்துப் பறவையாக இருக்குமோ என்று எண்ணும் முன், அந்தக் குளத்தில் வழக்கமாக இருக்கக்கூடிய பத்துப் பதினைந்து இனங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு விலக்கிப் பார்ப்பதே சரியான வழி.

பறவையைக் கண்டவுடன் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

அது குளத்தின் எந்தப் பகுதியில் இருக்கிறது, அங்கே என்ன செய்கிறது என்ற இரண்டையும் முதலில் கவனிக்க வேண்டும். நடுக்குளத்து ஆழமான நீரில் மூழ்கி எழுகிறதா, ஆழமில்லாத நீரில் தலையைக் கவிழ்த்து வாலைத் தூக்கி மேய்கிறதா, முழங்கால் நீரில் அசையாமல் நிற்கிறதா, ஆகாயத்தாமரை இலைகளின் மேல் நடக்கிறதா, சேற்றைக் குத்திக்கொண்டே ஓடுகிறதா என்று பார்த்தாலே அது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும். அடுத்து அலகின் வடிவம். வாத்துக்குத் தட்டையான அலகு, முக்குளிப்பானுக்குக் குட்டையான கூரிய அலகு, நீர்க்காகத்துக்கு நுனி கொக்கிபோல் வளைந்த அலகு, கொக்குக்கும் நாரைக்கும் ஈட்டி அலகு. அதன் பிறகு கால்களின் நீளமும் நிறமும், வால் தெரிகிறதா இல்லையா என்பதும்.

உடலின் நிறத்தைக் கடைசியில்தான் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காலை வெயில் பறவைக்குப் பின்னால் இருந்தால் பழுப்பும் நீலமும் செம்மையும் ஒரே கறுப்பாகத் தெரியும். மேலும் ஒரே பறவை ஓர் ஆண்டில் இரண்டு கோலங்களில் வாழ்கிறது. நிறத்தை முதற்சான்றாகக் கொண்டு படங்களைப் புரட்டுபவர், மனத்துக்குப் பிடித்த முதல் படத்தில் நின்றுவிடும் அபாயம் உண்டு.

நீரில் இருக்கும் பறவையின் அளவை எப்படி மதிப்பிடுவது?

திறந்த நீர்ப்பரப்பில் ஒப்பிட எதுவும் இல்லாததால், தனியாக மிதக்கும் பறவையின் அளவைக் கண்ணால் அறிவது மிகக் கடினம். அருகில் அறிந்த பறவை ஒன்று வரும்வரை காத்திருந்து ஒப்பிடுவதே நம்பகமானது. மைனா ஏறக்குறைய 25 செ.மீ., வீட்டுக் காகம் 40 செ.மீ., கரையில் வழக்கமாக நிற்கும் மடையான் 45 செ.மீ. நீளம் உடையவை. “மைனாவை விடச் சற்றுப் பெரியது”, “காகத்தின் அளவு” என்று எழுதி வைத்தால், பின்னர் கேட்பவருக்கு அது சென்டிமீட்டரை விடப் பயன்படும். மூழ்கும் பறவையின் உடலில் பாதி நீருக்கடியில் இருப்பதால், அது உண்மையான அளவை விடச் சிறிதாகவே தோன்றும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கருமையான பறவை ஒன்று மிதக்கிறது. திடீரென மூழ்கி எதிர்பாராத இடத்தில் எழுகிறது. அது என்ன?

வந்து சேரும் கேள்விகளில் இதுவே முதலிடம் பெறுகிறது. இதற்கான விடை பெரும்பாலும் நான்கு பறவைகளுக்குள் அடங்கிவிடும்.

மைனாவை விடச் சற்றே பெரியதாக, வாலே இல்லாதது போலப் பின்புறம் மொட்டையாகவும் பஞ்சு போலவும் இருந்தால் அது முக்குளிப்பான். தமிழ்நாட்டில் ஓரளவு ஆழமான நீர் தேங்கும் ஏறக்குறைய எல்லாக் குளங்களிலும் இது உண்டு. நகரத்துக் கோயில் தெப்பக்குளத்திலும் காணலாம். இனப்பெருக்கக் காலத்தில் கன்னமும் கழுத்தும் செங்கபில நிறமாகி, அலகின் அடியில் இளமஞ்சள் புள்ளி ஒன்று பளிச்சென்று தெரியும். மற்றக் காலங்களில் உடல் முழுவதும் வெளிர் பழுப்பாக இருக்கும். இந்த இரண்டு கோலங்களையும் பார்த்தவர்கள் இரண்டு இனங்கள் என்று எண்ணிவிடுகிறார்கள். கனைப்பது போன்ற நீண்ட, அதிரும் குரல் குளத்தில் கேட்டால் அதுவும் இதனுடையதே. இறகுகளுக்கிடையே உள்ள காற்றை வெளியேற்றி, குதிக்காமல் மெல்ல அமிழ்ந்து மறையும் திறமையும் இதற்கு உண்டு. தலையில் கறுப்பு வெள்ளை வரிகளுடன் தாயின் முதுகில் ஏறி அமர்ந்திருக்கும் சிறு குஞ்சுகள் முக்குளிப்பானின் குஞ்சுகளே.

காகத்தின் அளவில் உடல் முழுக்கக் கறுப்பாக, நெற்றியிலும் அலகிலும் தூய வெள்ளையாக இருந்தால் அது நாமக்கோழி. இது மூழ்கிய இடத்துக்கு அருகிலேயே, பெரும்பாலும் வாயில் நீர்ப்பாசியுடன், தக்கை போல எழும். முக்குளிப்பானோ நெடுந்தொலைவு தள்ளி எழும். ஆகவே எழும் இடமே ஒரு நல்ல அடையாளம்.

உடல் நீரில் தாழ்ந்து, நீண்ட வாலும் கொக்கி அலகும் உடையதாக இருந்தால் அது நீர்க்காகம். சிறு குளங்களில் காணப்படுவது பெரும்பாலும் 50 செ.மீ. நீளமுள்ள சின்ன நீர்க்காகம். அதன் அலகு குட்டையானது. அதைவிடப் பெரிதாக, மெலிந்த நீண்ட அலகும் நீலப்பச்சைக் கண்ணும் கொண்டிருந்தால் அது கொண்டை நீர்க்காகம். இவற்றின் இறகுகள் நீரில் நனைபவை. அதனால்தான் இவை எளிதில் மூழ்குகின்றன, அதனால்தான் கரையேறியதும் பாறையிலோ பட்டமரத்திலோ சிறகை விரித்துக் காயவைக்கின்றன. முக்குளிப்பானும் நாமக்கோழியும் ஒருபோதும் அப்படிச் சிறகு விரித்து நிற்பதில்லை.

நான்காவது பாம்புத்தாரா. உடல் முழுவதும் நீருக்குள் இருக்க, மெல்லிய நீண்ட கழுத்து மட்டும் நெளிந்தபடி வெளியே தெரிவதால், இதைக் கண்டு குளத்தில் பாம்பு நீந்துவதாக அஞ்சியவர்கள் உண்டு. இதன் அலகு நேராகவும் ஊசியாகவும் இருக்கும். நீர்க்காகம் மீனைக் கவ்விப் பிடிக்க, பாம்புத்தாரா குத்திப் பிடிக்கிறது. மேலெழுந்ததும் மீனைத் தூக்கி எறிந்து தலைப்பக்கமாக விழுங்குவதைப் பார்த்துவிட்டால் ஐயத்துக்கு இடமே இல்லை.

நாமக்கோழியையும் தாழைக்கோழியையும் எப்படிப் பிரித்தறிவது?

முகத்தைப் பார்த்தாலே போதும். நாமக்கோழிக்கு வெள்ளை நெற்றி; தாழைக்கோழிக்குச் சிவப்பு நெற்றியும் மஞ்சள் நுனியுடைய சிவப்பு அலகும். தாழைக்கோழியின் விலாவில் வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். நீந்தும்போது தலையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு, வாலை அடிக்கடி நிமிர்த்தி அதன் அடியிலுள்ள வெள்ளையைக் காட்டும். நாமக்கோழி திறந்த நீரில் கூட்டமாக இருக்க விரும்பும். தாழைக்கோழி கோரையும் சம்பும் வளர்ந்த ஓரங்களை விட்டு அதிகம் விலகாது.

சிக்கல் வருவது இளம் பறவைகளால்தான். இளம் தாழைக்கோழி மங்கிய பழுப்பு நிறமாக, சிவப்பே இல்லாத முகத்துடன் இருக்கும். ஆனால் விலாக்கோடும் வாலடி வெள்ளையும் அப்போதே உண்டு. இளம் நாமக்கோழிக்கு முன்கழுத்தும் மார்பும் வெளிறியிருக்கும். அதன் வாலடியில் வெள்ளை இராது.

இவற்றுடன் நீலத் தாழைக்கோழியையும் சேர்த்து அறிந்துகொள்வது நல்லது. நாட்டுக்கோழி அளவில், நீலமும் ஊதாவும் கலந்த உடலும், தடித்த சிவப்பு அலகும், நீண்ட சிவந்த கால்களும் கொண்ட இப்பறவையை முதன்முறையாகக் காண்பவர்கள், யாரோ வளர்த்துத் தப்பிய அயல்நாட்டுப் பறவை என்றே நினைப்பார்கள். இது நம் மண்ணின் பறவை. கோரைத் தண்டைக் காலால் பற்றிக்கொண்டு கடித்து உண்ணும் இதன் பழக்கம் தனிச்சிறப்பானது. முகமும் மார்பும் தூய வெள்ளையாக, வாலடி செங்கபிலமாக, வீட்டுத் தோட்டம் வரை வந்து மேய்ந்து, ஆளைக் கண்டதும் புதருக்குள் ஓடுவது கானாங்கோழி.

ஏரிகளைச் சீரமைக்கும்போது கரையோரக் கோரையையும் சம்பையும் முழுவதுமாக வழித்தெடுத்துக் கல் பதித்துவிடுகிறார்கள். மேலே சொன்ன கோழிகள் கூடு கட்டுவது அந்த ஓரத்தில்தான் என்பதால், ஒரு பகுதியையாவது விட்டுவைக்குமாறு ஊர் மக்கள் கேட்க வேண்டும்.

வாத்து என்று தெரிகிறது. ஆனால் எந்த வாத்து?

முதலில் மாதத்தைப் பாருங்கள். மே மாதத்திலும் ஆகஸ்டிலும் குளத்தில் இருக்கும் காட்டு வாத்து, நம்மிடமே தங்கி வாழும் சில இனங்களுள் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும்.

புள்ளிமூக்கு வாத்து வீட்டு வாத்தின் அளவில் பெரியது. கறுத்த அலகின் நுனியில் மஞ்சளும், அடியில் நெற்றியை ஒட்டி இரண்டு சிவப்புப் புள்ளிகளும் இருக்கும். மடக்கிய சிறகின் பின்பகுதியில் வெள்ளைப் பட்டை ஒன்று தொலைவிலிருந்தே தெரியும். சீழ்க்கைச் சிறகி அதைவிடச் சிறியது. கபில நிற உடல், மெல்லிய கழுத்து. இதில் ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே இருக்கும். பகலில் கூட்டமாகக் குளத்தில் ஓய்ந்திருந்து, அந்தியில் சீழ்க்கை ஒலியெழுப்பியபடி வயல்களுக்குப் பறந்து செல்லும். மரக்கிளையில் வாத்து அமர்ந்திருப்பதாக ஒருவர் சொன்னால் நம்பலாம், அது பெரும்பாலும் இதுவே. மரப்பொந்தில் கூடு வைப்பதும் உண்டு.

மூன்றாவது குள்ளத்தாரா. உலகின் மிகச் சிறிய வாத்தினங்களுள் ஒன்றான இதன் அறிவியல் பெயர் நெட்டாபஸ் கோரமண்டலியானஸ். நம் சோழமண்டலக் கரையின் பெயரையே அது தாங்கியிருக்கிறது. வெண்முகமும் கருந்தொப்பியும் குட்டை அலகுமாக, தாமரையும் அல்லியும் நிறைந்த குளங்களில் இலைகளுக்கிடையே மிதக்கும். ஆணுக்கு மார்பின் குறுக்கே கரும்பட்டையும் பளபளக்கும் கரும்பச்சை முதுகும் உண்டு. பெண் மங்கலாக இருக்கும், கண்ணின் ஊடே கருங்கோடு செல்லும். தாமரைக் குளத்தில் தொலைவில் மிதக்கும் வெள்ளைப் பொட்டுகளைப் பூ என்று நினைத்து விட்டுவிடாமல் இருமுறை பார்ப்பவருக்கே இது கிடைக்கும்.

பச்சைத் தலையுள்ள வாத்தைப் பார்த்தேன். அது காட்டு வாத்தா?

இரண்டு வாய்ப்புகள் உள்ளன. அலகு மண்வெட்டி போல நுனியில் அகன்று, மார்பு வெள்ளையாகவும் வயிற்றுப்புறம் செங்கபிலமாகவும் இருந்தால் அது குளிர்காலத்தில் வலசை வரும் தட்டைவாயன். ஆண்டி வாத்து என்றும் சொல்வார்கள். அலகு இயல்பான வடிவில் மஞ்சளாகவும், கழுத்தில் வெள்ளை வளையமும், வாலில் சுருண்ட இறகுகளும் இருந்தால் அது ஏறக்குறைய உறுதியாக வீட்டு வாத்து. வீட்டு வாத்துகளின் மூதாதையான மல்லார்டு வாத்து வட இந்தியாவுக்குக் குளிர்காலத்தில் வருகிறது என்றாலும், தமிழ்நாட்டில் காட்டு நிலையில் மிக அரிது. இங்கே அறுவடை முடிந்த வயல்களில் நூற்றுக்கணக்கில் வாத்துகளை மேய்த்துச் செல்பவர்கள் உண்டு. அவற்றில் ஒன்றிரண்டு பிரிந்து குளத்தில் தங்கிவிடுவது இயல்பு.

முகத்தில் சிவந்த மருக்களுடன் கறுப்பும் வெள்ளையுமாக இருப்பது மணிலா வாத்து. அதன் தாயகம் நடு, தென் அமெரிக்கா; இங்கே வளர்ப்புப் பறவை மட்டுமே. ஆள் அருகில் வந்தாலும் பறக்காமல் இரையை எதிர்பார்த்து நெருங்கி வரும் வாத்து எதுவாயினும், அதை முதலில் வளர்ப்பு வாத்தாகக் கருதுவதே முறை.

அக்டோபரில் வந்த வாத்துகள் எல்லாமே பழுப்பாக உள்ளன. ஆண் வாத்துகள் எங்கே?

அவையும் அந்தக் கூட்டத்திலேயே இருக்கின்றன. வடக்கே இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் வாத்துகள் தம் வண்ண இறகுகளை உதிர்த்துப் பெண்ணைப் போன்ற மங்கிய கோலத்தைப் பூணுகின்றன. பறத்தலுக்குரிய சிறகிறகுகளும் அப்போது ஒரேயடியாக உதிர்வதால் சில வாரங்கள் அவற்றால் பறக்கவே இயலாது. கண்ணில் படாமல் இருப்பதற்கு மங்கிய நிறம் உதவுகிறது. பிறகு சிறகு முளைத்துத் தெற்கே வந்து சேரும்போதும் அக்கோலம் முழுமையாக மாறியிருப்பதில்லை. தென்னிந்தியாவுக்குப் பெருந்திரளாக வரும் நீலச்சிறகியில் இது மிக நீண்டு, ஆணின் வெள்ளைப் புருவப்பட்டை ஜனவரி, பிப்ரவரி மாதங்களில்தான் தெளிவடைகிறது.

ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிறத்தை விட்டுவிட்டு வடிவத்தைப் பிடிக்க வேண்டும். மெலிந்த நீண்ட கழுத்தும் கூரிய வாலும் உடையது ஊசிவால் வாத்து. அகன்ற அலகுடையது தட்டைவாயன். சிறியதாய், கண்ணுக்கு மேலும் கீழும் வெளிர் கோடுகளுடன், அலகின் அடியில் வெளிர் பொட்டும் கொண்டது நீலச்சிறகி. அதே அளவில் முகம் கோடுகளின்றி எளிமையாகவும், சிறகில் பச்சைத் திட்டும் இருப்பது கிளுவை. கூட்டம் ஒருமுறை எழுந்து பறந்தால் சிறகின் மேற்புறத்தைக் கவனியுங்கள். நீலச்சிறகியின் ஆணுக்கு முன்சிறகு வெளிர் நீலச்சாம்பல். அந்த நிறம் மங்கிய கோலத்திலும் மறைவதில்லை.

தலையின் பின்புறம் இரண்டு கரும்பட்டைகளுடன் பெரிய, சாம்பல் நிறப் பறவைகள் தென்பட்டால் அவை வரித்தலை வாத்துகள். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் அவை வருவதற்குப் பெயர்பெற்ற இடம்.

கரையில் பழுப்பாக அமர்ந்திருந்த பறவை பறந்ததும் வெள்ளையாக மாறிவிட்டது. எப்படி?

அது மடையான், குருட்டுக் கொக்கு என்றும் வழங்கும். அமர்ந்திருக்கும்போது கோடுகள் நிறைந்த பழுப்பு முதுகும் கழுத்தும் வெண்சிறகை முழுவதும் மூடிக்கொள்கின்றன. இனப்பெருக்கக் காலத்தில் முதுகு அடர்ந்த அரக்குச் சிவப்பாகிவிடுவதால், அப்போதும் இது வேறொரு பறவை என்று பலர் கருதுகிறார்கள். பறக்கும்போது சிறகு வெள்ளையாக இல்லாமல் பழுப்பாகவே இருந்து, உடலெங்கும் வெளிர் புள்ளிகள் தெளித்திருந்தால் அது இளம் வக்கா. முதிர்ந்த வக்காவுக்குக் கறுத்த தலையும் முதுகும், சாம்பல் சிறகும், சிவந்த கண்ணும் உண்டு. பகலில் மரத்தில் உறங்கி, அந்தி மயங்கியதும் கரகரத்த ஒற்றைக் குரல் கொடுத்தபடி குளத்துக்கு வரும்.

வெள்ளைக் கொக்குகள் எல்லாம் ஒன்றுபோலத் தெரிகின்றனவே?

கறுத்த அலகும், கறுத்த காலும், மஞ்சள் விரல்களும் ஒருசேர இருந்தால் அது சின்னக் கொக்கு. குட்டையான மஞ்சள் அலகுடன் மாடுகளின் பின்னால் புல்வெளியில் நடப்பது உண்ணிக்கொக்கு; இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறமேறும். நீரில் நிற்கும் மற்ற இரண்டையும் பிரிக்க அலகின் நிறம் உதவாது, ஏனெனில் இனப்பெருக்கக் காலத்தில் இரண்டுக்குமே மஞ்சள் அலகு கறுத்துவிடும். வாய்ப்பிளவின் கோடு கண்ணுக்கு நேர் கீழே முடிந்தால் நடுத்தர வெண்கொக்கு. கண்ணைத் தாண்டிப் பின்னே சென்றால் பெரிய வெண்கொக்கு. ஒரு நல்ல புகைப்படத்தில் இதை எளிதில் சரிபார்க்கலாம்.

இலைகளின் மேல் நடக்கும் நீண்ட வால் பறவை எது?

நீளவால் இலைக்கோழி. மிக நீண்ட கால்விரல்கள் உடல் எடையைப் பரப்பிவிடுவதால் அல்லி இலையின் மேலும் ஆகாயத்தாமரையின் மேலும் அமிழாமல் நடக்கிறது. வெண்தலையும் பொன்னிறப் பிடரியும் நீண்ட கரிய வாலும் இனப்பெருக்கக் காலத்துக்கு மட்டுமே உரியவை. மற்றக் காலங்களில் வாலை இழந்து, கழுத்தோரம் கருங்கோட்டுடன் சாதாரணப் பழுப்புப் பறவையாக நிற்கும். இதில் அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது ஆண்தான். வெள்ளைப் புருவமும் வெண்கலப் பளபளப்புள்ள சிறகும் இருந்தால் அது தாமிர இலைக்கோழி.

கோடையில் குளம் வற்றும்போது பெரிய பறவைகள் திடீரெனக் கூடுவது ஏன்?

நீர் சுருங்கச் சுருங்க மீன்கள் ஒரே இடத்தில் நெருங்கிவிடுவதால், தொலைவில் தங்கியிருக்கும் பறவைகளும் அங்கே தேடி வருகின்றன. அலகின் அடியில் பை தொங்க, சாம்பல் வெண்மையாக நீந்துபவை கூழைக்கடாக்கள். மஞ்சள் அலகும் ஆரஞ்சு முகமும் வாலருகே இளஞ்சிவப்பு இறகும் உடையது சங்குவளை நாரை. அதன் இளம் பறவைகள் அழுக்கு வெண்மையாக, அந்த அழகு எதுவும் இன்றி இருக்கும். அலகை மூடியும் நடுவில் இடைவெளி தெரிந்தால் அது நத்தைகுத்தி நாரை. இளம் நத்தைகுத்திக்கு அந்த இடைவெளி இன்னும் உருவாகியிருக்காது என்பதால், அதைக் காணவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அவ்வினத்தை விலக்கிவிடக் கூடாது. அலகின் நுனி கரண்டியாய் அகன்றிருப்பது கரண்டிவாயன்.

இருநோக்கியும் (பைனாகுலர்) பெரிய கேமராவும் கட்டாயம் தேவையா?

கேமரா கட்டாயமில்லை; இருநோக்கி பேருதவி. 8x42 என்று குறிக்கப்பட்டது எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும், அதன் முன் ஆடி 42 மி.மீ. விட்டமுடையது. குளத்துக்கு இதுவே போதும்; பத்து மடங்குக் கருவியில் கை நடுக்கமும் கூடவே பெரிதாகும். அதன் கண்ணாடி வழியாகக் கைப்பேசியை ஒட்டி வைத்தும் அடையாளம் காணத் தக்க படம் எடுக்கலாம். சூரியன் உங்கள் முதுகுப்புறம் வரும்படி கரையைச் சுற்றிப் போய் நின்றுவிட்டால், சாதாரணக் கைப்பேசிப் படமும் தெளிவாகும்.

அழகான ஒரு படத்தை விட, மங்கலான பல படங்கள் அடையாளத்துக்குப் பயன்படும்: பக்கவாட்டுத் தோற்றம், அலகு, கால், சிறகு விரித்த நிலை. சிறகு விரிப்பதைப் பார்ப்பதற்காகக் கல்லெறிவதும் கைதட்டுவதும் கூடவே கூடாது. பறவை தானாகச் சிறகை நீட்டி நெளித்துக்கொள்ளும். பொறுத்திருந்தால் அது கிடைக்கும்.

கைப்பேசிச் செயலி சொல்லும் பெயரை நம்பலாமா?

ஒரு தொடக்கமாகக் கொள்ளலாம், முடிவாகக் கொள்ளக் கூடாது. கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி, இடத்தையும் நாளையும் கணக்கில் கொண்டு, படத்துக்கோ குரலுக்கோ பொருத்தமான பெயர்களைத் தருகிறது. இணையம் இல்லாத கரையிலும் இயங்கும். முதிர்ந்த பறவையின் தெளிவான படத்தில் அது நன்றாகவே செயல்படுகிறது. தொலைவில் எடுத்த படம், இளம் பறவை, கோலம் மாறிக்கொண்டிருக்கும் வாத்து, கலப்பின வீட்டு வாத்து ஆகியவற்றில் தடுமாறுகிறது. அது தரும் பெயருக்குரிய அடையாளங்களை நீங்களே பறவையில் தேடிக் காண வேண்டும். இரண்டு மூன்றாவது பொருந்தினால் ஏற்கலாம். செயலியைத் திறக்கும் முன்பே நீங்கள் கண்டதை எழுதிவிடுவது இன்றியமையாதது, ஏனெனில் ஒரு பெயரைக் கேட்டபின் நம் நினைவு அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

எல்லாவற்றையும் ஒப்பிட்டும் பொருந்தவில்லை. உண்மையிலேயே அரிய பறவை என்றால் என்ன செய்வது?

அப்படி நேர்வது உண்டு. வலசைக் காலத்தில் வழி தவறிய பறவைகள் சிறு குளங்களிலும் இறங்குகின்றன. நாள், நேரம், குளத்தின் பெயர், நீரின் ஆழம், உடனிருந்த பறவைகள், பறவையின் செயல் ஆகியவற்றை அங்கேயே நின்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையிலும் சென்று பாருங்கள். பின்னர், பொதுமக்களின் பறவைப் பதிவுகளைத் திரட்டி 2002ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ஈபேர்டு இணையதளத்தில் படத்துடன் பதியுங்கள். அந்த மாவட்டத்தில் அந்த மாதத்தில் வழக்கத்துக்கு மாறான பதிவு வந்தால், உள்ளூர்ப் பறவைகளை நன்கறிந்த தன்னார்வலர்கள் அதைச் சரிபார்த்துக் கேள்வி கேட்பார்கள். அக்கேள்விகளை ஐயப்பாடாக எடுத்துக்கொள்ளாமல் உதவியாகக் கொள்ள வேண்டும். இனம் தெளியாதபோது “ஏதோ ஒரு வாத்து” என்ற அளவில் பதிவதற்கும் அங்கே இடம் உண்டு. ஊகித்து எழுதிய பெயரை விட அந்த நேர்மையான பதிவு மதிப்புடையது.

சிறு குளத்தின் பதிவுக்குப் பயன் உண்டா?

உறுதியாக உண்டு. வேடந்தாங்கலுக்கும், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் பதிவு செய்வோர் பலர் இருக்கிறார்கள். ஊர்க் குளத்துக்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள். 1987 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும், 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் நடைபெறுகின்றன. அறிந்த பறவைகளை மட்டும் எண்ணிப் பதிந்தும் பொங்கல் கணக்கெடுப்பில் கலந்துகொள்ளலாம்.

காலிலோ கழுத்திலோ வளையம் மாட்டிய பறவையைக் கண்டால்?

வளையத்தின் நிறம், எழுத்து, எண், அது எந்தக் காலில் உள்ளது என்பவற்றைக் குறித்து, படத்துடன் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதைக் கழற்றுவதற்காகப் பறவையைப் பிடிக்க முயலக் கூடாது.

கூட்டை அருகில் சென்று பார்க்கலாமா?

வேண்டாம். முக்குளிப்பானின் கூடு நீர்ச்செடியில் பிணைத்து மிதக்கும் பாசிக்குவியல்; ஆளைக் கண்டதும் தாய்ப்பறவை முட்டைகளைப் பாசியால் மூடிவிட்டு மூழ்கி விலகும். நாம் நிற்கும் நேரமெல்லாம் முட்டைகள் சூடின்றிக் கிடக்கும். நம்மைப் பின்தொடரும் காகம் கூட்டின் இடத்தையும் அறிந்துகொள்ளும். கூட்டின் படத்தை இடப்பெயருடன் சமூக ஊடகத்தில் வெளியிடுவதும் அதே தீங்கைச் செய்யும். காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும், முட்டை எடுப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும்.

நீர்ப்பறவை ஒன்று சாலையில் விழுந்து கிடக்கிறது; பறக்க மறுக்கிறது. என்ன செய்வது?

அதன் கால் உடலின் கடைக்கோடியில் இருந்து, வால் இல்லாமலும் இருந்தால் அது முக்குளிப்பானாக இருக்கலாம். இரவில் இடம்பெயரும்போது, விளக்கொளியில் மின்னும் ஈரச்சாலையை நீர்ப்பரப்பு என்று எண்ணி இறங்கிவிடுவது உண்டு. நீரின் மேல் ஓடி வேகமெடுத்தே எழும்பக்கூடிய பறவை என்பதால், காயம் எதுவும் இல்லாவிட்டாலும் தரையிலிருந்து அதனால் பறக்க இயலாது. துணியால் மெல்ல மூடி எடுத்து, காற்றுத் துளைகள் இட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, அருகிலுள்ள குளத்தின் விளிம்பில் விட்டால் தானே நீந்திச் சென்றுவிடும்.

கொக்கு, நாரை, பாம்புத்தாரா போன்ற ஈட்டி அலகுப் பறவைகளை முகத்துக்கு அருகில் கொண்டுவரக் கூடாது. அவை கண்ணை நோக்கிக் குத்தும். தூண்டில் நரம்பு சுற்றியோ சிறகு ஒடிந்தோ இருந்தால், அதற்குச் சோறோ பாலோ புகட்டாமல், இருட்டான பெட்டியில் அமைதியாக வைத்து வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரே குளத்தில் பல பறவைகள் அடுத்தடுத்து இறந்து கிடந்தால் எதையும் கையால் தொடாமல், வனத்துறையுடன் கால்நடைப் பராமரிப்புத் துறைக்கும் அன்றே தகவல் சொல்ல வேண்டும்.